பாரிவாக்கத்து நடவு மேஸ்திரி

“இன்னாத்துக்கு?” என்று கேட்காமல் அந்த அம்மாள் எந்த வேலையையும் தொட்டதில்லை. நாற்றுக் கட்டைத் தூக்கு என்றாலும் இன்னாத்துக்கு, அந்த மடையை அடை என்றாலும் இன்னாத்துக்கு. கோபத்தோடு கேட்க மாட்டார். நிலக்காரரிடம் கேட்டாலும் தன்னோடு நடவுக்கு வந்தவளிடம் கேட்டாலும் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும். கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் சரியென்று பட்டுவிட்டால் அப்புறம் அந்த வேலை அவருடையது. யாரும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க வேண்டியதில்லை. சரியென்று படாவிட்டால் சேற்றில் ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி விவசாய டிப்போவில் நான் ரைட்டராக இருந்தேன். டிப்போ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டிரங்க் ரோட்டின் மேல் ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு மேஜை, உள்ளே விதை மூட்டைகளும் இரும்புக் கலப்பைகளும், பின்னால் நெல் காயவைக்க ஒரு களம். அதிகாரி ஒருவர், நான், ஒரு பியூன். அதிகாரி கோயமுத்தூரில் விவசாயப் படிப்புப் படித்தவர். டிமான்ஸ்டிரேட்டர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். அது யார் வாயிலும் முழுசாக நுழையாததால் சுற்றுப்பட்டு ஜனங்கள் அவரை டிமாஸ்டர் என்றுதான் சொன்னார்கள்.

அந்த அம்மாள் பாரிவாக்கத்துச் சேரியைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். நடவுக்குப் பெண்களைக் கூட்டி வருவது அவர்தான். விதை புடைக்க ஆள் வேண்டுமென்றால் டிப்போவுக்கும் அவரே ஐந்தாறு பேரோடு வருவார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அம்பத்தூர்ப் பக்கம் நல்ல வேலைகளில் இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது.

எனக்கும் அவருக்கும் முதல் மோதல் ஒரு தாளைப் பற்றி வந்தது.

மாதம் ஒரு தாள் எழுதி ஒட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாதித் தாளில் சிப்பந்திகள் செய்தி, மீதிப் பாதியில் வரப்போகும் நிகழ்ச்சிகள். கார்பன் வைத்து அழுத்தி எழுதி, டிப்போ வாசலில் ஒன்று, சந்தைத் தோப்பில் ஒன்று, பெரிய ஊர்களின் சாவடிகளில் ஒவ்வொன்று என்று ஒட்டுவோம். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சந்தை நாளில் வாசலில் நின்று அதை உரக்கப் படித்தும் காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்கள்தானே அதிகம்.

ஒரு சந்தை நாளில் படித்துக்கொண்டிருந்தேன். “டிமான்ஸ்டிரேட்டர் அவர்கள் பதினைந்து நாள் ரஜாவில் சென்று திரும்பி வேலை ஒப்புக்கொண்டார்கள்.” விதை புடைக்க வந்திருந்த அந்த அம்மாள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

“ரைட்டரய்யா, அய்யா ஊருக்குப் போயிட்டு வந்துட்டாரு. சரி. அத்த இன்னாத்துக்கு எங்களுக்குப் படிக்கிறீங்க?”

“ஆபீஸ் செய்தி. எழுதணும்னு உத்தரவு.”

“அவரு இல்லாதப்போ மேப்பூருலேர்ந்து நாலு பேரு விதைக்கு வந்து வெறுங்கையோட திரும்பிப் போனாங்க. போறதுக்கு மின்னாடியே எழுதி ஒட்டியிருந்தா அவங்களுக்கு ஒரு நட மிச்சம். வந்தப்பறம் ஒட்டி இன்னா?”

எனக்குச் சுருக்கென்றது. “உனக்கு முறம் புடைக்கிற வேலை, எனக்கு எழுதற வேலை” என்று சொல்லிவிட்டு அடுத்த பாதியைப் படித்தேன். தொழு உரம் சேர்ப்பதைப் பற்றி இன்ன தேதி பகல் பதினோரு மணிக்கு டிப்போவில் செய்முறை விளக்கம், அனைவரும் வருக.

“பதினோரு மணிக்கு ஏரு கட்டினவன் எப்டி வருவான்?” என்றார் அதே குரலில். “அமாவாசைக்கு யாரும் ஏரு பூட்ட மாட்டாங்க. அன்னிக்கி வெச்சா ஆம்பளைங்களும் வருவாங்க, எங்களுக்கும் வேல இருக்காது.”

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “அமாவாசை என்றைக்கு என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும்” என்றார் என்னிடம். அந்த மாதத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அமாவாசையன்று களத்தில் உட்கார இடமில்லை. அதுவரைக்கும் எங்கள் விளக்கங்களுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள்.

அதிகாரி அவரைத் திட்டாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் சம்பாப் பருவத்திலேயே அவரை அதிகாரிக்குத் தெரியும்.

பாரிவாக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர், நாங்கள் நடையாக நடந்து கெஞ்சியதன் பேரில், அரை ஏக்கர் நிலத்தைச் செய்முறைக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஒற்றை நாற்று நடவு காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆறேழு நாற்றைச் சேர்த்துக் குத்தாக நடுவதுதான் வழக்கம். ஒன்றே ஒன்றை, சாண் இடம் விட்டு நடச் சொன்னார் அதிகாரி. வரப்பில் நின்று, ஒரு நாற்றின் அடியிலிருந்து பல தண்டு கிளைத்துத் தூர் கட்டுவது, வேர் பரவுவது, காற்றோட்டம் என்றெல்லாம் நல்ல தமிழில் பேசினார். பன்னிரண்டு பெண்கள் சேற்றில் நின்று கேட்டார்கள். பேசி முடித்ததும் பதினோரு பேர் குனிந்து, பழைய வழக்கப்படி ஆறேழு நாற்றாகவே நட ஆரம்பித்தார்கள். நடவுக்கார அம்மாள் குனியவில்லை.

“ஒண்ணு இன்னாத்துக்குங்க?”

“அதைத்தானே அம்மா இவ்வளவு நேரம் சொன்னேன்.”

“நீங்க சொன்னீங்க. நாங்க பாக்கலியே.”

அதிகாரி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, முன்கூட்டியே நட்டிருந்த பக்கத்து வயலில் இறங்கினார். வரப்போரம் நடவு ஆள் கையிலிருந்து தவறி விழுந்து தனியாக வேர் பிடித்த ஒரு நாற்று நின்றது. அதைப் பிடுங்கினார். நடுவயலில் ஒரு குத்தையும் பிடுங்கினார். இரண்டையும் வாய்க்காலில் அலசி அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அம்மாள் முதலில் அதிகாரியின் கைகளைத்தான் பார்த்தார். முழங்கை வரைக்கும் சேறு. பிறகு குத்தைப் பிரித்து எண்ணினார். ஏழு நாற்று வைத்த இடத்தில் ஒவ்வொன்றும் ஒன்றோ இரண்டோ தூர்தான் விட்டிருந்தது. தனியாக நின்றது ஒன்றே பதினாலு தூர் கட்டியிருந்தது.

“இத்த மொதல்லியே காட்டியிருந்தா இந்நேரம் பாதி நட்டிருப்போம்” என்றார். திரும்பி, மற்றவர்கள் நட்ட வரிசையைக் காட்டி, “பிடுங்குங்கடி” என்றார்.

அன்று நடும்போது ஒரு பாட்டும் கட்டினார். இரண்டு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

*ஒத்த நாத்து வெச்சிப்புட்டா ஒம்பது புள்ள பெக்குமாம்,*
*கோட்டு போட்ட அய்யா சொன்னார், பாத்துப்புட்டு நம்புவோம்.*

அதிகாரி வரப்பில் நின்று சிரித்தார்.

ஒற்றை நாற்று நட்ட வயல் முதல் இருபது நாள் பார்க்கச் சகிக்காது. தண்ணீர்தான் தெரியும், பயிர் தெரியாது. வழியில் போகிறவன் வருகிறவனெல்லாம் மொட்டை வயல் என்று சிரித்தான். நிலக்காரருக்கு அவமானமாகப் போய்விட்டது. ஒருநாள் நானும் அதிகாரியும் அங்கே போனபோது அவர் அந்த அம்மாளை வரவழைத்து வரப்பில் நிறுத்தி வைத்திருந்தார்.

“நாளைக்கு ஆளுங்கள கூட்டியாந்து நடுவுல எல்லாம் நாத்து குத்து” என்றார்.

“இன்னாத்துக்குங்க?”

“ஊரே சிரிக்குது, தெர்லியா ஒனக்கு?”

“ஊரு சிரிக்கிறதுக்காவ நாத்து குத்த முடியுங்களா? இன்னும் பத்து நாளு பாருங்க.”

“மத்த நெலத்துக்கு எனக்கு வேற ஆளு கெடைக்கும்” என்றார் நிலக்காரர். அதற்கு என்ன அர்த்தமென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த ஊரில் பாதி நிலம் அவருடையது. பன்னிரண்டு வீட்டுக் கஞ்சி அவர் வாய் வார்த்தையில் இருந்தது. அதிகாரி குறுக்கே பேசப் போனார். அம்மாள் அவரைப் பேச விடவில்லை.

“கூப்ட்டா வருவோம். கூப்டலன்னா வேற ஊருக்குப் போவோம். ஆனா அய்யா, இந்த அர ஏக்கரா நான் கண்ணால பாத்து நட்டது. இத்த என் கையால கலைக்க மாட்டேன்.”

அந்த அரை ஏக்கரை நிலக்காரர் அப்படியே விட்டுவிட்டார். ஆனால் மற்ற நிலங்களின் நடவுக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. பன்னிரண்டு பேரும் தினம் விடிவதற்குள் எழுந்து திருவேற்காட்டுப் பக்கம் நடந்து போய் நட்டுவிட்டு வந்தார்கள். கூட இருந்தவர்களில் சிலர் ஜாடைமாடையாக அவரைக் குறை சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன்.  ஆனாலும் அவர் போகும்போதும் வரும்போதும் சுற்றிக்கொண்டு அந்த வயல் வழியாகத்தான் போனார்.

ஒரு மாதம் போனதும் வயல் அடைத்துக்கொண்டது. அறுப்பு சமயத்தில் உள்ளே கால் வைக்க இடமில்லை. களத்தில் மரக்கால் போட்டு அளந்தபோது நிலக்காரர் தானே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். மரக்கால் கணக்கு முந்தின வருஷத்தைவிடக் கூடியிருந்தது; அளந்து முடிந்ததும் எழுந்து போனார். அடுத்த பருவத்துக்கு நடவு ஆட்களைக் கூப்பிட அவரே சேரி முனை வரைக்கும் நடந்து போனார் என்று பியூன் வந்து சொன்னான். அந்த வயலில் அறுத்த நெல்லைத் தனியாகக் காயவைத்து, விதைக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறார் என்றும் சொன்னான்.

இதற்குள் யுத்தம் வந்துவிட்டது. பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷன் வந்தது. எப்படியாவது நெல்லை அதிகமாக விளைவிக்க வேண்டும் என்று சர்க்கார் எல்லா டிப்போக்களையும் முடுக்கியது. எங்களுக்கும் வெளியூரிலிருந்து நூறு மூட்டை விதை நெல் வந்து இறங்கியது. ஜில்லா அதிகாரி மோட்டாரில் வந்து தம் கையால் விதை வழங்குவார் என்று நாள் குறித்தார்கள். அந்த மாதத் தாளில் வரப்போகும் நிகழ்ச்சிகள் என்ற தலைப்பின் கீழ் இதை மட்டுமே பெரிய எழுத்தில் எழுதினேன். இருபது ஊர்களில் ஒட்டினோம்.

விதை புடைக்க அந்த அம்மாள் வந்தார். இரண்டு முறம் புடைத்தவர் நிறுத்திவிட்டு, ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். இன்னொரு மூட்டையைப் பிரித்து அதையும் முகர்ந்தார். என் மேஜைக்கு வந்தார்.

“ரைட்டரய்யா, நெல்லு பூஞ்ச வாசன அடிக்குது. வர்ற வழியில நனஞ்சி புயுங்கியிருக்கும் போல.”

“மேலிடத்திலேருந்து வந்த விதை. முத்திரை போட்டிருக்கு பார்.”

“முத்திர மூட்ட மேல கீது. உள்ள இருக்கிறத யாரு பாத்தது?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்றேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தாளைப் பற்றித்தான் எனக்கு நினைப்பு. இருபது ஊரில் என் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அம்மாள் போகும்போது பியூனைக் கேட்டு, பத்து மூட்டையிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனதை நான் கவனிக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் வந்தார். கையில் ஈரக் கோணித் துண்டு ஒன்று சுருட்டி இருந்தது. என் மேஜையின் மேல் வைத்துப் பிரித்தார். ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் ஈரத்தில் கட்டிவைத்த நெல். பத்துப் பிடியும் பத்துக் குவியலாகக் கிடந்தது. இரண்டு குவியலில் முளை வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற எட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மீதி வழவழவென்று அழுகிக் கிடந்தது. அறை முழுக்க நாற்றம்.

“நாத்தங்கால்ல போட்டுட்டு பதினஞ்சு நாளு கயிச்சி பாத்தா, மொளைக்கலன்னு தெரியும். அப்பால ஏரித் தண்ணி இருக்கும், பருவம் இருக்காது. இந்த வருசம் ஜனங்களுக்கு வெளியிலேர்ந்து அரிசியும் வராது” என்றார். “ஒட்டின தாள எடுங்க ரைட்டரய்யா. இல்லன்னா நானே ஊரு ஊரா போயி வாயால சொல்லிகினு வருவேன்.”

ஜில்லா அதிகாரி வருவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. பியூனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போய் அதிகாரியைக் கூட்டிவந்தேன். வழியில் அவரிடம், நாலு நாள் முன்னாலேயே அந்த அம்மாள் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அவர் டிப்போவுக்கு வந்து குவியல்களைப் பார்த்தார். தானும் வேறு பத்து மூட்டையிலிருந்து எடுத்து ஊறப்போட்டார். மேலே தந்தி கொடுத்தார். பதில் வரவில்லை. அதற்குள் நாளும் வந்துவிட்டது.

களம் நிறைய ஜனம். ஜில்லா அதிகாரி மோட்டாரிலிருந்து இறங்கினார். மாலை போட்டு முடிந்ததும் எங்கள் அதிகாரி எழுந்து, இந்த விதை முளைக்காது, இதைக் கொடுப்பதற்கில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். 

ஜில்லா அதிகாரியின் முகம் சிவந்தது. “யார் சொன்னது?”

அந்த அம்மாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து நடந்து வந்தார். பழைய கோணியையும், அதிகாரி போட்டிருந்த புதிய கோணியையும் மேஜையில் விரித்தார். இரண்டிலும் ஒரே கதைதான்.

“யார் இது? நம் சிப்பந்தியா?” என்று கேட்டார் ஜில்லா அதிகாரி.

“இல்லை சார்” என்றார் எங்கள் அதிகாரி. “ஆனால் இந்த டிப்போவில் விதையை முளைக்கப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று முதலில் தோன்றியது இந்த அம்மாளுக்குத்தான். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.”

ஜில்லா அதிகாரி ஒரு நெல்லை எடுத்து விரலால் நசுக்கினார். அது சேறாக ஒட்டியது. அவர் மோசமான மனுஷரில்லை. “எத்தனை நேரம் ஊறவைத்தாய்?” என்று அம்மாளிடமே நேராகக் கேட்டார். அம்மாள் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “மூட்டைகளைத் திருப்பி அனுப்புங்கள்” என்றார். பிறகு ஜனங்களைப் பார்த்தார். “விதைக்கு இவர்கள் எங்கே போவார்கள்?”

 களத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அப்போது முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாரிவாக்கத்து நிலக்காரர் எழுந்தார்.

“எங்கிட்ட கீது” என்றார். “டிமாஸ்டர் அய்யா நட்ட வயல்ல வெளஞ்சத அடுத்த பருவத்துல வெதச்சி பெருக்கின விதை. மொளைக்கும். மொதல்ல நாப்பது மூட்ட தரேன். அறுப்பு முடிஞ்சி நெல்லா திருப்பிக் குடுத்தா போதும்.”

“நாற்பது மூட்டை இருபது ஊருக்குப் போதாதே” என்றார் ஜில்லா அதிகாரி.

“ஒத்த நாத்தா நட்டா போதுங்க” என்றார் நடவுக்கார அம்மாள். “குத்துக்கு ஏயு நாத்து வெக்கிறதாலதான் அவ்ளோ விதை ஆவுது. ஒண்ணொண்ணா வெச்சா பாதியும் ஆவாது. எல்லா ஊரு பொம்பளைங்களும் கத்துக்கணும். அவ்ளோதான்.”

நிலக்காரர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். இருபது நாள் சிரித்த ஊர் முன்னால் அவர் அப்படித் தலையசைத்தது சின்ன விஷயமில்லை.

எல்லா ஊர்ப் பெண்களுக்கும் கற்றுக்கொடுக்க யார் போவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடவுக் காலம் முடிகிறவரை தற்காலிக மேஸ்திரி என்று ஒரு உத்தரவு பத்து நாளில் வந்தது. அந்த உத்தியோகத்துக்கு அதுவரை ஒரு பெண்ணை எங்கள் பக்கத்தில் யாரும் வைத்ததில்லை. அதிகாரி உத்தரவைப் படித்துக் காட்டினார்.

“மேஸ்திரி இன்னாத்துக்குங்க? நடவுக்காரின்னே இருக்கட்டுமே” என்றார் அம்மாள்.

“வேறே ஊரில் போய் நீங்கள் சொன்னால் கேட்க வேண்டுமே அம்மா. பேர் இல்லாமல் போனால் வரப்பில் நிற்க விடமாட்டார்கள்.”

அதிகாரி அவரை நீங்கள் என்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அம்மாள் யோசித்தார். “சரி” என்றார். அந்த மாதத் தாளில் சிப்பந்திகள் செய்தியில் அவருடைய பெயரை நான் எழுதினேன். எழுதும்போது நாலு நாள் நான் கேட்காமல் இருந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவரிடம் அதைச் சொன்னேன். “அப்பால சைக்கிள் மிதிச்சிகினு போனீங்களே, அத்த மறந்துட்டீங்களா?” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

அந்தப் பருவத்தில் அவர் போகாத ஊரில்லை. ஒவ்வொரு ஊரிலும் முதலில் ஒரு ஒற்றை நாற்றையும் ஒரு குத்தையும் பிடுங்கி அலசிக் காட்டுவார். எண்ணச் சொல்வார். அப்புறம்தான் பேச்சு. இன்னாத்துக்கு என்று கேட்கிற பெண்ணை எங்கே பார்த்தாலும் அவருக்குப் பிடித்துவிடும். “கேளு, கேளு” என்று பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

அம்பத்தூர் ஏரிக்குக் கீழே ஒரு ஊர். நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி வேறு ஊரில் இருந்தார். பதினெட்டுப் பெண்கள் நாற்றுக் கட்டோடு முழங்கால் சேற்றில் தயாராக நின்றார்கள். அந்த நிலத்தின் சொந்தக்காரர் வரப்பில் வந்து வழியை மறித்தார். அவர் பார்வை என் மேல் இருந்தது. அம்மாளை அவர் பார்க்கவேயில்லை.

“ரைட்டர், நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன். மேஸ்திரின்னு சொல்லிகினு சேரி பொம்பள என் வரப்புல நின்னு அதிகாரம் பண்ண வோணாம். அவளுக்குக் கூலி வோணும்னா எறங்கி நடட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். உத்தரவு இருக்கிறது என்று சொல்லவும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. “என் ஆளு நின்னு பாத்துப்பான்” என்று தன் ஆளைக் கூப்பிட்டு வரப்பில் நிறுத்தினார். அந்த ஆள் பெண்களைப் பார்த்து, “உம், குனிங்க” என்றான்.

ஒருத்தியும் குனியவில்லை.

“இன்னாடி, காது கேக்கலியா?”

பதினெட்டுப் பேரும் நாற்றுக் கட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. முன்கூட்டிப் பேசிவைத்த மாதிரியும் இல்லை. அவர்களில் மூத்தவளாகத் தெரிந்த ஒருத்தி நிலக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“அந்தம்மா சொல்லட்டும் அய்யா. நாங்க நடறோம்.”

ஏரியில் முறைத் தண்ணீர் அன்றைக்கு ஒரு நாள்தான் அந்த வயலுக்கு. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. நடவுக்கார அம்மாள் வரப்பின் இந்தக் கோடியில், கையில் அலசிய நாற்றோடு, சும்மா நின்றார். நிலக்காரர் கொஞ்ச நேரம் மடையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தார். பிறகு தன் ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டு பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் வரப்பில் நடந்து நடுவுக்கு வந்தார். அங்கேயே நின்று சொல்லியிருக்கலாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். பதினெட்டுப் பேரும் சுற்றிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வயல் முழுவதும் கயிறு பிடித்த மாதிரி நட்டு முடித்தார்கள்.

கரையேறிக் கால் கழுவும்போது என்னிடம் வந்தார்.

“ரைட்டரய்யா, சிப்பந்திங்க செய்தின்னு எழுதுவீங்களே, அதுல இவங்க பேர எழுதுங்க.”

“இவங்க சிப்பந்திங்க இல்லியேம்மா. சட்டம் இடம் கொடுக்காது.”

“இன்னிக்கி எனக்கு இந்த வரப்புல எடம் குடுத்தது யாரு, சட்டமா?” என்றார்.

நான் வரப்பில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொருத்தியாக வந்து பெயர் சொன்னார்கள். சிலர் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும், வெகுநாளாக யாரும் கூப்பிடாததாலோ என்னவோ, தன் பெயரை யோசித்துச் சொன்னாள். பதினெட்டுப் பெயரும் சிப்பந்திகள் செய்தியில் ஏறின. தாளை அதிகாரி முன்னால் வைத்தேன். முழுவதும் படித்தார். பேனாவை எடுத்தார். ஒரு பெயரையும் அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதில் ஒரு பிரதியை அந்த ஊர்ச் சாவடிச் சுவரில் நானே கொண்டுபோய் ஒட்டினேன். வேலை முடிந்து வந்த பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சாவடிப் பக்கம் அவர்கள் வருகிற வழக்கம் இல்லை. அன்றைக்கு வந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் தடுக்கவில்லை. “எது என்னுது?” என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். நான் தொட்டுக் காட்டக் காட்ட, அந்த வரியின் மேல் விரல் வைத்து, அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.